எஞ்சினை ஒற்றை ஆளாக இறக்குவது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

மதுரைக்குப் பக்கத்தில் நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டு வாசலில் வைத்து மாருதி 800-இன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இதுவரை நான்கு தடவை இறக்கி ஏற்றியிருக்கிறேன். இரண்டு தடவை என் வண்டிக்கு, ஒரு தடவை மச்சானுக்கு, ஒரு தடவை பக்கத்துத் தெரு வாத்தியாருக்கு. நான் மெக்கானிக் இல்லை. பகலில் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறவன். டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இதெல்லாம் வீட்ல வச்சு ஒத்தையாளா முடியுமாண்ணே? இல்ல சும்மா அடிச்சு விடுறீங்களா?

முடியும். தூக்குவதற்குப் பலம் வேண்டாம், அதைச் செயின் பிளாக் (செயினை இழுத்துச் சுமையைத் தூக்கும் கருவி) பார்த்துக்கொள்ளும். தனியாளுக்கு உண்மையில் இல்லாதது இன்னொரு ஜோடிக் கண். பட்டறையில் ஒருவர் செயினை இழுக்கும்போது இன்னொருவர் குனிந்து பார்த்து, "நிறுத்துண்ணே, வயரு மாட்டுது" என்பார். வீட்டில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. கீழே நான் சொல்லும் முக்கால்வாசி விஷயம் அந்த இரண்டாவது ஆளுக்கு என்ன மாற்று என்பதுதான்.

நேரம் என்று கேட்டால், முதல் தடவை எனக்கு இரண்டு முழு நாள் ஆனது. நான்காவது தடவை காலை ஐந்தரைக்குத் தொடங்கி பதினொரு மணிக்கு எஞ்சின் தரையில் இருந்தது.

எதுக்கெல்லாம் எஞ்சினை இறக்கணும்? பட்டறைல எதுக்கெடுத்தாலும் இறக்கணும்ங்கிறாய்ங்க.

கிளட்ச் பிளேட் மாற்றுவதற்கு எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கினால் போதும். பிளைவீல் (எஞ்சினின் கியர்பாக்ஸ் முனையில் சுழலும் கனமான சக்கரம்) பக்கத்து ஆயில் சீல் ஒழுகினாலும் அப்படித்தான். ஹெட் கேஸ்கட், வால்வு வேலை எல்லாம் எஞ்சின் இருந்த இடத்திலேயே நடக்கும். கிராங்கைக் கழற்ற வேண்டும், சிலிண்டர் துளையைக் கடைய (போரிங்) பிளாக்கை லேத்துக்கு அனுப்ப வேண்டும், வேறு எஞ்சின் மாற்ற வேண்டும் என்றால் இறக்கித்தான் ஆக வேண்டும். கிளட்ச் தேய்ந்ததற்காக எஞ்சினை இறக்கப் புறப்படுகிறவர்களை நான் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

"இறக்குவது" என்று வாய் பழகிவிட்டதே தவிர, 800-இல் எஞ்சின் மேலே ஏறித்தான் வெளியே வரும். ஆம்னியில் அதே 796 சிசி எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கேதான் நிஜமாகவே கீழே இறங்கும்.

எம்புட்டு வெயிட்டு இருக்கும்? ரெண்டு பேரு கம்பு குடுத்துத் தூக்கிற முடியாதா?

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துத் திட்டம் போடுங்கள். மூன்று சிலிண்டர்தான், சின்ன எஞ்சின். ஆனாலும் ஒரு நெல் மூட்டையை விடக் கனம். மூட்டையைப் போல அது சொன்னபடி வளைந்து கொடுக்காது. கம்பு கொடுத்துத் தூக்கும் பட்டறைகள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் மாதத்துக்கு ஐந்து எஞ்சின் தூக்குகிறவர்கள். ஒருவர் கால் வழுக்கினால் மற்றவர் என்ன செய்வார் என்பது அவர்களுக்குள் பேசாமலே தெரியும். உங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியாது.

வீட்டு முன்னாடி பெரிய வேப்பமரம் நிக்கிது. கிளையில செயின் பிளாக்கைக் கட்டிக்கலாம்ல?

கூடாது. வேப்பங்கிளை வெளியே பச்சையாக இருந்தாலும் உள்ளே கரையான் அரித்திருப்பது தட்டிப் பார்த்தால்கூடச் சில சமயம் தெரியாது. இன்னொன்று, சுமை ஏறியதும் கிளை கொஞ்சம் தாழும், அசையும். எஞ்சின் வெளியே வரும்போது நமக்கு இருக்கும் இடைவெளி இரண்டு விரல்தான். அந்த அசைவுக்கு அங்கே இடமில்லை. கார் ஷெட்டின் தகரக் கூரையைத் தாங்கும் பைப்பும் வேண்டாம். அது தகரத்துக்காகப் போட்டது.

நான் வைத்திருப்பது முக்காலி. இரண்டு அங்குல சி கிளாஸ் (தடித்த வகை) ஜிஐ பைப், 12 அடி நீளத்தில் மூன்று. உச்சியில் மூன்றையும் சேர்த்துத் தடியான போல்ட், அதில் டி ஷேக்கிள் (டி வடிவ இரும்பு வளையம்), அதில் செயின் பிளாக். கால்களுக்கு நடுவே ஒன்பது அடி விட்டேன். ஒன்பது அடி எதற்கு என்று வெல்டிங் பட்டறைக்காரர் கேட்டார். மேலே போகப் போகக் கால்கள் நெருங்கும். தரையில் ஒன்பது அடி இருந்தால் போனட் உயரத்தில் ஏழு அடிக்கும் குறைவுதான் மிஞ்சும். ஒரு கால் பம்பருக்கு முன்னால், மற்ற இரண்டும் பக்கத்துக்கு ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவேதான் கார் பின்னால் போக வேண்டும்.

கால்கள் விரியாமல் இருக்க மூன்றின் அடியையும் செயினால் சுற்றிப் பிணைத்துவிடுங்கள். சிமென்ட் தளத்தில் பைப் வழுக்கும், மண் தரையில் புதையும். மண் என்றால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரும்புத் தகடு வையுங்கள். உச்சி பத்து அடிக்கு மேல் நிற்பதால் மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முக்காலியை நிமிர்த்த வேண்டும்.

செயின் பிளாக் எதுக்கு? கிணத்துக் கப்பியும் கயிறும் வீட்லயே கிடக்கே.

கப்பி எடையைக் குறைக்காது, இழுக்கும் திசையை மட்டும்தான் மாற்றும். 100 கிலோ எஞ்சினை மேலே நிறுத்தி வைக்க 100 கிலோவையும் நீங்களே பிடித்திருக்க வேண்டும். ஒரு கொசு கடித்தால் போதும்.

செயின் பிளாக்கின் உள்ளே பல் சக்கரங்கள் இருக்கின்றன, கூடவே ஒரு பிரேக்கும் இருக்கிறது. தொங்கும் சுமையே அந்த பிரேக்கை இறுக்கும். கையை விட்டால் எஞ்சின் அந்த உயரத்திலேயே நிற்கும். விட்டுவிட்டுக் காருக்கு மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். தனியாளுக்கு இது பெரிய உதவி. ஒரு டன் பிளாக் தாராளம். வாடகைக்கு எடுத்தால் முதலில் கொக்கியின் நாக்கு சரியாக மூடுகிறதா பாருங்கள். ஜாக்கியையோ தண்ணீர் கேனையோ தொங்கவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஒரு விரல் அளவு இறங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மாசத்துல செய்யலாம்?

கத்திரி வெயிலில் வேண்டாம். மே மாதம் பத்து மணிக்கு மேல் வாசலில் கிடக்கும் ஸ்பானரைத் தொட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. எஞ்சின் வெளியே கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் அழுகைதான் வரும். தை, மாசி நல்ல காலம். சித்திரைத் திருவிழா நாட்களில் தொடங்கி வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் ஒரு ஆயில் சீல் வாங்க டவுனுக்குள் போவது முடியாத காரியம். நான் போய்ப் பார்த்தவன். சீல் கிடைக்கவில்லை, சாமி தரிசனம் கிடைத்தது.

இத்தனை வயரு, இத்தனை ஹோஸ் இருக்கே, எதை எங்க மாட்டணும்னு எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?

ஞாபகத்தை நம்பவே கூடாது. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கழற்றியதும் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதுங்கள். ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே "ரேடியேட்டர் மேல் ஹோஸ்", "ஸ்டார்ட்டர் தடி வயர்" என்று எழுதி வையுங்கள். என் நோட்டில் கார்பரேட்டர் வண்டிக்கு 31 எண் வந்தது.

போல்ட்டுகளுக்குப் பழைய இட்லித் தட்டு. ஒரு குழிக்கு ஒரு இடத்துப் போல்ட், குழியின் விளிம்பில் எண். கியர்பாக்ஸைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அதனால் ஒரு அட்டையில் வட்டம் வரைந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் குத்தி, போல்ட்டுகளை அதிலேயே செருகி வைப்பேன். இட்லித் தட்டு போனது பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

வரிசை: பேட்டரியின் மைனஸ், பிறகு பிளஸ், பேட்டரியையே வெளியே எடுத்துவிடலாம். போனட் கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது இடைவெளி பிசகாது. கூலன்ட், எஞ்சின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடித்துவிடுங்கள். ரேடியேட்டரும் அதன் ஃபேனும் வெளியே. பிறகு ஏர் கிளீனர், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கார்பரேட்டர் வண்டி என்றால் சோக் கேபிள். வயர்கள். சைலன்சரின் முன் பைப். கியர் லீவரில் இருந்து வரும் ராடுகள். கியர்பாக்ஸில் இருந்து முன் சக்கரத்துக்குப் போகும் தண்டான டிரைவ் ஷாஃப்ட். கடைசியாக எஞ்சினைப் பாடியோடு பிடித்திருக்கும் மவுண்டிங் போல்ட்டுகள். எடை செயினில் ஏறும் வரை அவற்றைத் தொடக்கூடாது.

பெட்ரோல் பைப்பைக் கழட்டுனா பீச்சி அடிக்குமா?

கார்பரேட்டர் வண்டியில் கொஞ்சம் சொட்டும், அவ்வளவுதான். ஒரு போல்ட்டை வைத்துக் குழாயை அடைத்துவிடலாம். எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் வகையில், அடிக்கும். லைனில் பிரஷர் இருக்கும். பெட்ரோல் பம்ப்பின் ரிலேயைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் தானாக அணைந்ததும் இன்னும் இரண்டு தடவை சாவியைத் திருப்புங்கள். இதைப் பேட்டரி எடுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். பிறகும் இணைப்பின் மேல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே தளர்த்துங்கள். பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

ஏசி கேஸ் வீணாப் போகுமே?

பைப்பைத் தொடாதீர்கள். கம்ப்ரசரை மட்டும் எஞ்சினில் இருந்து கழற்றி, பைப்போடு அப்படியே ஓரமாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். பைப்பில் தொங்கவிடாதீர்கள், கம்ப்ரசரைக் கட்டுங்கள்.

ஜாக்கி ஒண்ணுதான் இருக்கு. ஹாலோ பிளாக் மேல வண்டியை நிப்பாட்டலாமா?

ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். செங்கலும் அப்படித்தான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது அதைவிட மோசம். இரண்டு இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள், அல்லது தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். பின் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். அடியில் போகும் முன் காரை இடுப்பால் ஒரு இடி இடித்துப் பாருங்கள். அது விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

சைலன்சர் நட்டு துருப்பிடிச்சு அசையவே மாட்டேங்குது.

முதல் நாள் இரவே, எஞ்சின் ஆறிய பிறகு, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து வையுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் மெதுவாக ஒரு அசைவு, பிறகு கழற்றும் பக்கம். ஆறு பட்டை பிடிக்கும் ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பானரைப் போடுங்கள், வாய் ஸ்பானரைப் போட்டால் முனை உருண்டுவிடும். ஸ்டட் முறிந்தாலும் குடி முழுகிவிடாது. மெனிஃபோல்டை லேத்துக்குக் கொண்டுபோனால் எடுத்துத் தருவார்கள்.

டிரைவ் ஷாஃப்ட்டை முழுசா உருவிட்டா வண்டியைத் தள்ளலாமா?

தள்ளக்கூடாது. நிறையப் பேர் தவறு செய்யும் இடம் இது. முன் சக்கரத்துப் பேரிங்கைச் சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த ஷாஃப்ட்டும் அதன் முனையில் உள்ள நட்டும்தான். அது இல்லாமல் வண்டியின் எடையைச் சக்கரத்தில் ஏற்றித் தள்ளினால் பேரிங் கெட்டுவிடும்.

நமக்கோ வண்டியைத் தள்ளியாக வேண்டும். அதனால் சக்கரத்துப் பக்கத்தை நான் கழற்றுவதே இல்லை. சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் கீழ் பால் ஜாயின்ட்டை விடுவித்து, சக்கரத்தை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள் முனையைக் கியர்பாக்ஸில் இருந்து தட்டையான கம்பியால் நெம்புவேன். "டக்" என்று ஒரு சத்தத்தோடு வெளியே வரும். நெம்பும்போது கம்பி ஆயில் சீலின் உதட்டைக் கிழித்துவிடக் கூடாது. வந்த முனையைப் பாலிதீன் பையால் சுற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, பால் ஜாயின்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டால் சக்கரம் பழையபடி உருளும். கியர்பாக்ஸில் உள்ள ஓட்டையைத் துணியால் அடையுங்கள். முழுவதும் வடித்துவிட்டோம் என்று நினைத்த கியர் ஆயில் இங்கே இன்னும் கொஞ்சம் வரும்.

அண்ணா, எங்க வீட்டுக்காரரு தனியா பண்றேங்கிறாரு. நான் என்ன பாத்துக்கணும்?

இதைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான், ஆனால் எல்லோரும் கேட்டிருக்க வேண்டியது. அவர் தனியாக வேலை செய்யட்டும், ஆனால் வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. நீங்கள் வெளியே போகிற நேரத்தில் அவர் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, செயினையும் இழுக்கக் கூடாது. அந்த நேரத்தில் பேட்டரி, வயர், ஹோஸ் வேலையைப் பார்க்கட்டும். அரை மணிக்கு ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் போய்ப் பாருங்கள். 108 எண் உங்கள் போனில் மேலாக இருக்கட்டும். பிள்ளைகளையும் நாயையும் கேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குறப்ப என்ன பாக்கணும்?

எஞ்சினில் தூக்குவதற்கென்றே இருக்கும் கொக்கித் தகடுகளில் மட்டும் செயினைப் போடுங்கள். இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும், கியர்பாக்ஸ் பக்கம் லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். செயின் விறைக்கும் வரை இழுத்துவிட்டு நிறுத்தி, மவுண்டிங் போல்ட்டைத் தளர்த்திக் கையால் சுழற்றிப் பாருங்கள். விரலால் சுழன்றால் எடை சரியாகச் செயினில் இருக்கிறது. இறுக்கமாக இருந்தால் ஏதோ ஒரு பக்கம் கூடவோ குறையவோ இழுத்திருக்கிறீர்கள்.

போல்ட் எல்லாம் வந்ததும் இரண்டு அங்குலம் மட்டும் தூக்குங்கள். கையை விடுங்கள். சுற்றி வாருங்கள். என் முதல் தடவையில் நான் சுற்றி வரவில்லை. செயினை இழுக்க இழுக்க எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. எடை சரியில்லை போல என்று இன்னும் நான்கு இழுப்பு இழுத்தேன். வண்டியின் முன்பக்கமே மெல்ல எழுந்தது. அப்போதுதான் பார்த்தேன், கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே எர்த் பட்டை. பின்னல் பின்னலாக இருக்கும் அந்தச் செம்புப் பட்டை அழுக்கேறிக் கறுத்து, பாடியோடு பாடியாகத் தெரிந்தது. இழுத்து விறைத்திருந்ததால்தான் கண்ணிலேயே பட்டது. நல்லவேளை, பட்டை பிய்ந்தது, வேறு எதுவும் பிய்யவில்லை.

அதிலிருந்து இரண்டாவது கண்ணாகப் போனைப் பயன்படுத்துகிறேன். வீடியோவை ஓடவிட்டு, எட்டாத பக்கங்களில் எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோய், உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பேன். நோட்டில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் எர்த் பட்டை, ரிவர்ஸ் லைட் சுவிட்ச் வயர், ஹீட்டர் ஹோஸ், ஸ்பீடோமீட்டர் கேபிள்.

முன் தகட்டைத் தாண்டும் உயரம் வந்ததும் எஞ்சினைத் தள்ளாதீர்கள், காரைப் பின்னால் தள்ளுங்கள். 800-இன் மொத்த எடையே 650 கிலோ வாக்கில்தான். எஞ்சின் இல்லாமல், சமதளத்தில், ஒருவர் தள்ளினால் போகும். எஞ்சின் ஆடாமல் தொங்கும். உடனே இறக்கி ஒரு பழைய டயரின் மேல் உட்கார வைத்துவிடுங்கள். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கை, கால், தலை எதுவும் போகக் கூடாது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திரும்பச் சேக்குறப்ப கடைசி ஒரு விரக்கடை சேர மாட்டேங்குது. போல்ட்டைப் போட்டு இறுக்கிறலாமா?

இறுக்கினால் கியர்பாக்ஸின் அலுமினியக் காது உடையும், அல்லது கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கோணும். சேராததற்குக் காரணம் பிளேட் நடுவில் இல்லை என்பதுதான். கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்கும் முன், கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு கம்பி வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைத்த உடைந்த கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்தான் என்னுடையது. பல்லுக்குப் பல் பொருந்தும். பிளேட் நடுவில் நின்றும் சேரவில்லை என்றால், ஐந்தாவது தடவை தள்ளுவதற்குப் பதிலாகக் கிராங்க் கப்பியின் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு எஞ்சினை லேசாகத் திருப்புங்கள். பல் விழுந்ததும் தானாக வழுக்கி உள்ளே போகும்.

பிளைவீலைக் கழற்றுகிறவர்கள் கடைசிப் போல்ட்டை முழுதாக எடுக்காமல் நான்கு மரை விட்டு வையுங்கள். எதிர்பாராமல் கால் மேல் விழும் சாமான் அதுதான்.

பழைய ஆயிலை என்ன செய்றது? வேலியோரம் ஊத்துனா கரையான் வராதும்பாய்ங்களே.

கரையான் வருகிறதோ இல்லையோ, கிணற்றுக்குத் தண்ணீர் அதே மண் வழியாகத்தான் வருகிறது. கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கூலன்ட் இன்னும் ஆபத்து. தித்திப்பாக இருக்கும், விஷம். தெரு நாயும் ஆடும் நக்கிவிடும். பாத்திரத்தை ஒரு நிமிடம்கூடத் திறந்து வைக்காதீர்கள்.

ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லணுமா?

அதே எஞ்சினை இறக்கி அதையே ஏற்றினால் யாரிடமும் சொல்ல வேண்டாம். வேறு எஞ்சின் வைத்தால் ஆர்சி புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண் மாறிவிடும். முன்அனுமதி வாங்கி ஆர்சியிலும் திருத்த வேண்டும். மதுரையில் வண்டி டிஎன் 58 தெற்கா, 59 வடக்கா, 64 மத்தியா என்று பார்த்து அந்த அலுவலகத்துக்குப் போங்கள். பழைய எஞ்சின் வாங்கும்போது பில்லும் அந்த வண்டியின் காகிதமும் இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அந்த எண்தான்.

எங்கிட்ட அம்பாசடர் இருக்கு. இதே முக்காலி தாங்குமா?

முக்காலி தாங்கலாம், முறை ஒத்துவராது. அம்பாசடரின் எஞ்சின் நெடுக்கு வாட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, கியர்பாக்ஸ் சீட்டுக்கு அடி வரை நீள்கிறது. இரண்டையும் சேர்த்து எடுக்கக் கிரில், ரேடியேட்டர் எல்லாம் போய், செங்குத்தாகச் சாய்த்து உருவ வேண்டும். எடையும் 800-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். டீசல் என்றால் சொல்லவே வேண்டாம். அதைத் தனியாக நான் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன்.

எல்லாம் மாட்டியாச்சு. கிளட்சை மிதிச்சாலும் கியர் விழாம கரகரங்குது. திரும்ப இறக்கணுமா?

பதறாதீர்கள். முதலில் கிளட்ச் கேபிளின் நட்டைத் திருகித் தளர்ச்சியைச் சரி செய்யுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும். பிறகு கேபிளின் உறை அதன் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

இரண்டும் சரி, இன்னும் கரகரக்கிறது என்றால் போட்டோவைத் திறந்து, கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங் துருத்திய பக்கம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பாருங்கள். அது கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும், பிளைவீலைப் பார்க்கக் கூடாது. மச்சான் வண்டிக்கு நான் திருப்பி மாட்டியிருந்தேன். இரண்டாவது கேள்வியில் சொன்னபடி இதற்கு எஞ்சினைத் தொட வேண்டாம், கியர்பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும். அன்றைக்கு முக்காலியை அதற்குள் பிரித்து மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்தேன். நல்லவேளை அது வேண்டியிருக்கவில்லை. ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டும் வைத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பிளேட்டைத் திருப்பி மாட்டிவிட்டேன். கியர் விழுந்தது. ரிவர்ஸ் லைட் மட்டும் எரியவில்லை. இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் 14 என்று எழுதிய டேப் துண்டு ஒன்று கிடந்தது.